பன்றி விரட்டும் குடும்பம்... காடு பார்க்கப் போன ஒரு நாள்!

கேள்வி-பதில் பகுதிக்கு உத்தமபாளையம் பக்கமிருந்து ஒரு வாசகர் எழுதியிருந்த கடிதம், இந்த முறை பதில் பகுதியில் அடங்கவில்லை. கடிதத்தின் சாரம் இதுதான். 'எங்க தோட்டத்துல ராத்திரியானா காட்டுப்பன்றி இறங்குது. எப்பவாவது யானையும் வந்துட்டுப் போகுது. பரீட்சை லீவுக்குப் பிள்ளைகள் தேக்கடிக்குப் போகணும்னு கேக்குறாங்க. நம்மளை அழிக்கிற மிருகத்தை நாமளே காசு கொடுத்துப் போய்ப் பார்க்கணுமா? அப்படியே போனாலும், ஒரே நாள்ல போயிட்டு வர முடியுமா?'

இதே சண்டை என் அக்கா வீட்டிலும் நடந்துகொண்டிருந்தது. அக்காவைக் கட்டிக்கொடுத்தது கூடலூரில். மச்சானுக்குக் காட்டை ஒட்டி இரண்டரை ஏக்கர். கொஞ்சம் நெல், கொஞ்சம் நிலக்கடலை, அரை ஏக்கர் பன்னீர் திராட்சை. மச்சானுடைய அம்மா, எனக்கு அத்தை முறை, நாற்பது வருஷம் ஏலத்தோட்டத்துக்குக் கூலி வேலைக்குப் போனவர். விடிவதற்கு முன் ஜீப்பில் நெருக்கியடித்து ஏறிக் குமுளி மலைப்பாதையில் போய், பொழுது சாய இறங்கி வருவார். அவரிடம், "தேக்கடி ஏரியைப் பார்த்திருக்கீங்களா அத்தை?" என்று கேட்டேன்.

"அந்த வழியாத்தான்யா அன்னாடம் போவேன். பக்கத்துல போய்ப் பாக்க யாரு கூட்டிப் போனா? காய் எடுக்கப் போனவளுக்கு ஏரி எதுக்கு?" என்றார்.

அந்தப் பதிலைக் கேட்டபிறகு மச்சான் மறுபேச்சுப் பேசவில்லை. காலாண்டு விடுமுறையில் ஒரு நாள் குறித்தோம். அத்தை, மச்சான், அக்கா, ஒன்பதாவது படிக்கும் மருமகள், ஆறாவது படிக்கும் மருமகன், கூட நான்.

வாசகரின் முதல் கேள்விக்குப் பதில் கடைசியில்தான் எனக்கே கிடைத்தது. இரண்டாவது கேள்விக்கு இப்போதே சொல்லிவிடலாம். முடியும். தேனியிலிருந்து குமுளி 60 கிலோமீட்டர் சொச்சம், கூடலூரிலிருந்து கூப்பிடு தூரம். விடியற்காலையில் கிளம்பினால் ராத்திரிச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடலாம்.

லோயர் கேம்ப்பைத் தாண்டும்போது இன்னும் முழுதாக விடியவில்லை. எங்களுக்கு முன்னும் பின்னும் தோட்டத்து ஜீப்புகள். மலையிலிருந்து இறங்கும் ராட்சதக் குழாய்களைக் காட்டி மருமகன், "அப்பத்தா, அதுலதான் நம்ம தண்ணி வருது" என்றான். பாடப்புத்தகத்தில் படித்திருக்கிறான். பென்னிகுயிக் மணிமண்டபம் இந்த ஊரில்தான் இருக்கிறது. 2013-ல் பொங்கல் சமயத்தில் திறந்தது. ஜனவரி 15 அவர் பிறந்தநாளும்கூட.

குமுளியில் இறங்கியதுமே, "ஜங்கிள் சஃபாரி போலாமா சார்?" என்று ஜீப்காரர்கள் சூழ்ந்துகொள்வார்கள். அவற்றில் பல, புலிகள் காப்பகத்துக்கு வெளியே தோட்டங்களையும் காட்டு ஓரங்களையும் சுற்றிக்காட்டுபவை. அது தப்பில்லை. ஆனால், காப்பகத்துக்குள் நடக்க வேண்டும் என்றால் வனத்துறைச் சீட்டு வேண்டும். நாங்கள் முன்கூட்டியே இணையத்தில் பதிவு செய்திருந்தோம். வண்டியை ஆனவாச்சல் மைதானத்தில் நிறுத்திவிட்டு வனத்துறைப் பேருந்தில்தான் ஏரிக்குப் போக வேண்டும்.

துண்டால் அளந்த யானை

காலை நடைக்கு எங்களுக்கு வந்த வழிகாட்டி மன்னான் பழங்குடியைச் சேர்ந்தவர். ஐம்பது வயது தாண்டியிருக்கும். எங்கள் முன்னோர் மதுரைப் பக்கத்திலிருந்து மலையேறியவர்கள் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லும் செய்தி. பேச்சு நமக்குப் புரிகிற தமிழ்தான். முழங்கால் வரை வரும் அட்டைக் காலுறையை எல்லோருக்கும் கட்டிவிட்டு, அத்தையைப் பார்த்து, "நடந்துருவீங்களாம்மா? நாலஞ்சு கிலோமீட்டர் வரும்" என்றார். அத்தை சிரித்துக்கொண்டே, "ஏலச் சரிவுல நடந்த காலுய்யா" என்றார். கடைசிவரை மூச்சு வாங்கியது எனக்குத்தான்.

சத்தம் கூடாது, வாசனைத் தைலம் கூடாது, பிளாஸ்டிக் கூடாது, அவருக்கு முன்னால் யாரும் போகக் கூடாது. இவ்வளவுதான் விதிகள்.

முதல் அரை மணி நேரம் ஒன்றும் கண்ணில் படவில்லை. மருமகனுக்கு முகம் தொங்கிப்போனது. பிறகு தலைக்கு மேலே ஒரு மலை அணில், கருஞ்சிவப்பு உடம்போடு, வீட்டுப் பூனை அளவுக்கு. அடுத்து கருமந்திக் கூட்டம் ஒன்று கிளை முறிகிற சத்தத்தோடு கடந்து போனது. அதற்குப் பின் வந்ததுதான் எங்களை உட்கார வைத்தது. சேற்றில் பதிந்த ஒரு யானைக் காலடி.

வழிகாட்டி, மச்சான் தோளில் கிடந்த துண்டைக் கேட்டு வாங்கினார். முன்னங்கால் தடத்தைச் சுற்றித் துண்டை வைத்து அளந்து, அந்த நீளத்தை இரண்டு மடங்காக்கி, தன் உடம்போடு உயர்த்திப் பிடித்தார். அவர் தலைக்கு மேலே போனது துண்டு. "தோள் உயரம் இதுதாண்ணே. முன்னங்கால் சுற்றளவுல ரெண்டு பங்கு. பெரிய உருப்படிதான்" என்றார். யானைக்கு இந்தக் கணக்கு அநேகமாகத் தப்பாது. வனத்துறையினரும் பயன்படுத்துவதுதான்.

பத்தடி தள்ளிச் சாணம். குச்சியால் பிளந்து காட்டினார். பாதிக்கு மேல் செரிக்காத நார். நடுவில் முழுசாகப் பலாக்கொட்டை. மேலெல்லாம் சாண வண்டுகள். "உள்ளே ஈரம் இருக்கு, சூடு இல்ல. ராத்திரி போயிருக்கு" என்றார். ஒரு நாளைக்கு நூற்றைம்பது கிலோ வரை தின்னும் மிருகம், தின்றதில் பாதியைக்கூட உடம்பில் சேர்ப்பதில்லை. மிச்சமெல்லாம் விதையும் எருவுமாகக் காட்டுக்கே திரும்புகிறது. மச்சான் அந்தப் பலாக்கொட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். "கிடை போடுற மாதிரில்ல இருக்கு" என்றார்.

இன்னும் கொஞ்சம் உள்ளே, ஒரு ஓடையோரம் மண் முழுவதும் உழுது போட்டதுபோல் கிளறிக் கிடந்தது. வழிகாட்டி வாய் திறக்கும் முன் மச்சான் சொல்லிவிட்டார். "பன்னி!"

வழிகாட்டிக்கு அப்போதுதான் ஆர்வம் வந்தது. எங்களைச் சுற்றுலாக்காரர்களாகப் பார்த்துக்கொண்டிருந்தவர், அதன்பின் மச்சானோடு பேச ஆரம்பித்தார். பன்றித் தடத்துக்கும் மிளாத் தடத்துக்கும் வித்தியாசம் காட்டினார். ஈர மண்ணில் பன்றியின் குளம்புக்குப் பின்னால் இரண்டு சின்னக் குளம்பும் பதியும். மிளாவுக்குப் பெரும்பாலும் பதியாது. பன்றி சேற்றில் புரண்டுவிட்டுப் போய் மரத்தில் உரசும். அந்தச் சேறு எந்த உயரத்தில் ஒட்டியிருக்கிறது என்று பார்த்தால் உருப்படியின் அளவு தெரியும். "வர்ற வழியை அது மாத்தாதுண்ணே. ஓடையோ, புதரோ, ஒரு மறைவு இருக்கணும். தினம் அதே தடத்துலதான் வரும். எங்க நுழையுதுன்னு பாத்திருக்கீங்களா?"

மச்சான் பார்த்ததில்லை. எட்டு வருஷமாக வயலைச் சுற்றிப் பழைய சேலைகளைக் கட்டி, ராத்திரி முழுக்கத் தகரம் தட்டி, பட்டாசு போட்டுத்தான் பழக்கம்.

"இங்க இத்தனை பன்னி இருக்கே, காட்டை அழிச்சிருக்க வேணாமா?" என்று அக்கா கேட்டார். வழிகாட்டி, பாதையோரத்தில் காய்ந்து கிடந்த ஒரு எச்சத்தைக் குச்சியால் புரட்டினார். முழுக்க முடி. "செந்நாய். இதுல இருக்கிறது பன்னி மயிர். புலியும் பிடிக்கும், சிறுத்தையும் குட்டியைத் தூக்கும். உங்க பக்கம் அதுக இல்ல. பன்னி மட்டும் வந்துருச்சு."

வெட்டியவர்கள் காவலர்களான கதை

இந்த வழிகாட்டிகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1934-ல் திருவிதாங்கூர் மன்னர் காலத்தில் நெல்லிக்காம்பட்டி சரணாலயமாகத் தொடங்கி, 1978-ல் புலிகள் காப்பகமான காடு இது. இன்று 925 சதுர கிலோமீட்டர். காட்டுக்குள்ளும் ஓரத்திலும் இருந்தவர்களுக்குச் சட்டம் போட்டதோடு சரி, பிழைப்புக்கு வழி சொல்லவில்லை. விளைவு, வயணப்பட்டை உரித்தல். காட்டு இலவங்க மரத்தின் பட்டையைச் சுற்றிலும் உரித்து மூட்டை கட்டிக் கொண்டுபோவார்கள். மரம் நின்றபடியே செத்துப்போகும். கூடவே சந்தனம், வேட்டை.

1996-ல் இந்தியச் சூழல் மேம்பாட்டுத் திட்டம் இங்கே வந்தது. பட்டை உரித்தவர்களையே கூப்பிட்டுப் பேசினார்கள். காடு அவர்களுக்கு அத்துப்படி, எந்த மரம் எங்கே, எந்தப் பாதையில் யார் வருவார்கள் என்பதெல்லாம் தெரியும். 1998 வாக்கில் அவர்களே ஒரு குழுவாகி, பயணிகளைக் காட்டுக்குள் அழைத்துப்போகும் வழிகாட்டிகளாகவும், காவலுக்குப் போகிறவர்களாகவும் மாறினார்கள். 2002-லிருந்து குமுளிப் பெண்கள் 'வசந்த சேனை' என்ற பெயரில் கூலி வாங்காமலே காட்டில் ரோந்து போயிருக்கிறார்கள்.

விவசாயிகளுக்கு இதில் இன்னொரு பாடம் உண்டு. மன்னான், பளியர் குடும்பங்கள் மிளகு போட்டவர்கள். பூக்கும் முன்பே வியாபாரியிடம் முன்பணம் வாங்கி, காய்த்ததை அவர் சொன்ன விலைக்குக் கொடுத்துவிட்டுக் கடனிலேயே கிடந்தார்கள். குழு அமைத்தபின் முதலில் செய்த காரியம், அந்தக் கடனை அடைத்து மிளகைச் சேர்ந்து விற்றது. வள்ளக்கடவு அருகே வஞ்சிவயல் குடியிருப்பில் விளைந்த இயற்கை மிளகு ஜெர்மனி வரைக்கும் போயிருக்கிறது. நம் பக்கத்தில் எத்தனை திராட்சைத் தோட்டம் இன்னும் பூவிலேயே விலை பேசப்படுகிறது என்று மச்சானிடம் கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை.

மதியம் கட்டிக்கொண்டு போயிருந்த புளிச்சோறு. அந்த நேரத்தில் மருமகள்தான் கேட்டாள். "இந்தக் காட்டுலதானே அரிக்கொம்பனை விட்டாங்க?"

ஆமாம், இங்கேதான். சின்னக்கானல் பக்கம் வீடுகளையும் ரேஷன் கடையையும் உடைத்து அரிசி தின்ற யானை. மலையாளத்தில் அரி என்றால் அரிசி. 2023 ஏப்ரல் 29-ல் மயக்க ஊசி போட்டுப் பிடித்து, கழுத்தில் ரேடியோ பட்டை மாட்டி, இந்தக் காப்பகத்துக்குள் கொண்டுவந்து விட்டார்கள். அது மேகமலைப் பக்கம் நடந்து, மே 27-ம் தேதி கம்பம் தெருவுக்குள்ளேயே இறங்கிவிட்டது. ஊரில் 144 தடை. இருசக்கர வாகனத்தோடு தூக்கியெறியப்பட்ட ஒருவர் பிறகு இறந்துபோனார். ஜூன் 5-ம் தேதி அதிகாலை சின்ன ஓவுலாபுரம் அருகே மறுபடியும் ஊசி, மறுபடியும் லாரி. இப்போது அது இருப்பது களக்காடு முண்டந்துறைக் காட்டில்.

வழிகாட்டி அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். "அதுக்குக் கேரளம், தமிழ்நாடுன்னு தெரியாதும்மா. இங்கேருந்து மேகமலை, வருசநாடு, ஸ்ரீவில்லிபுத்தூர் வரைக்கும் ஒரே காடுதான்" என்றார். உண்மைதான். ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை 2021-ல் தமிழ்நாட்டின் ஐந்தாவது புலிகள் காப்பகமானது. பெரியாறு காடும் அதுவும் தொட்டுக்கொண்டிருக்கின்றன. நம் வயலும் அந்த ஓரத்தில்தான் இருக்கிறது.

"இம்புட்டுத் தண்ணியா!"

மாலைப் படகு. உயிர்காப்பு உடையை எல்லோருக்கும் மாட்டிவிட்டு, எழுந்து நிற்கக் கூடாது என்று திரும்பத் திரும்பச் சொன்னார்கள். 2009 செப்டம்பர் 30-ல் இதே ஏரியில் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். விலங்கைப் பார்க்க எல்லோரும் ஒரு பக்கமாக எழுந்ததும், படகின் அமைப்பிலேயே இருந்த குறையும் காரணமாகப் பேசப்பட்டன. ஆகவே, பிள்ளைகள் எவ்வளவு துள்ளினாலும் உட்கார வைத்திருங்கள்.

ஏரி நடுவே மொட்டை மரங்கள் நிற்கின்றன. 1895-ல் அணை கட்டி முடித்துத் தண்ணீர் தேங்கியபோது மூழ்கிய மரங்களின் மிச்சம். இன்னும் விழவில்லை. ஒவ்வொன்றின் உச்சியிலும் நீர்க்காகம் சிறகை விரித்துக் காயவைத்தபடி உட்கார்ந்திருந்தது. கரையில் காட்டெருமைக் கூட்டம், கால் நான்கிலும் வெள்ளைக் காலுறை போட்டதுபோல. நீர்நாய்கள் இரண்டு தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு முங்கின. புலி? இல்லை. புலியைப் பார்த்தே ஆக வேண்டும் என்று போகிறவர்கள் ஏமாந்துதான் திரும்ப வேண்டியிருக்கும். மழைக்குப் பிந்தைய மாதங்களில் காடெங்கும் தண்ணீர் இருப்பதால் மற்ற விலங்குகளும் ஏரிக்கரைக்கு அதிகம் வராது. நிறையப் பார்க்க வேண்டுமென்றால் மார்ச் முதல் மே வரை கோடையில் போவது நல்லது.

திரும்பும் வழியில், அக்கரைப் புல்வெளியில் நான்கு யானைகள். ஒன்று குட்டி. தண்ணீரில் இறங்கத் தயங்கிய குட்டியைத் தாய் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டிருந்தது. படகு முழுக்கக் கைபேசிகள் எழுந்தன. அத்தை மட்டும் யானையைப் பார்க்கவில்லை. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு தண்ணீரையே பார்த்தபடி இருந்தார்.

"இம்புட்டுத் தண்ணியா! இது தெரியாமத்தான் வாய்க்கால்ல தண்ணி வரலைன்னு மடையில சண்டை போட்டுக் கிடந்தோமா?"

அணை அங்கிருந்து தெரியாது. ஆனால், நம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நெல்லுக்குத் தண்ணீர் திறக்கும் தலைமதகு இந்தத் தேக்கடியில்தான் இருக்கிறது. ஜூன் முதல் தேதி திறக்கிறார்கள் என்று செய்தி கேட்கிறோமே, அது இங்கேதான். இங்கிருந்து சுரங்கம் வழியாக மலையைக் குடைந்து, லோயர் கேம்ப் குழாய்களில் இறங்கி, மின்சாரம் கொடுத்துவிட்டு நம் வயலுக்கு வருகிறது. இத்தனை மலைச்சரிவும் காடாக நிற்பதால்தான் மழை நின்றபிறகும் ஏரிக்கு நீர் கசிந்துகொண்டிருக்கிறது. சரிவெல்லாம் மொட்டையாகியிருந்தால் தண்ணீரோடு மண்ணும் சேர்ந்தல்லவா இறங்கியிருக்கும்? இதை நான் மச்சானிடம் சொல்லவில்லை. அவரே ஏரியையும் யானையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

போக விரும்புகிறவர்களுக்கு

நடை, மூங்கில் தெப்பப் பயணம், படகு எல்லாவற்றுக்கும் பெரியாறு புலிகள் காப்பகத்தின் இணையதளத்தில் முன்பதிவு உண்டு. விடுமுறை நாளில் நேரில் போய்ச் சீட்டு கிடைப்பது சிரமம். கட்டணம் அவ்வப்போது மாறுவதால் பதிவின்போதே பார்த்துக்கொள்ளுங்கள். அசல் அடையாள அட்டை அவசியம். மூங்கில் தெப்பம் காலையிலிருந்து மாலை வரை நீளும் பயணம், சின்னப் பிள்ளைகளுக்கும் முதியவர்களுக்கும் ஒத்துவராது. அவர்களோடு போனால் காலை நடையும் மாலைப் படகும் போதும். பச்சை, காக்கி மாதிரி மங்கலான நிறத்தில் துணி உடுத்துங்கள். மழைக்காலத்தில் அட்டை இருக்கும், கடித்தால் பிடுங்காமல் உப்பு வையுங்கள்.

மலையேற ஆசைப்படும் இளவட்டங்களுக்கு ஒரு வார்த்தை. 2018 மார்ச் 11-ல் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தது நம் மாவட்டத்தில்தான். அனுமதியில்லாத பாதையில் போனவர்கள் அவர்கள். 2024 அக்டோபரில் தமிழக வனத்துறை 40 மலையேற்றப் பாதைகளைத் திறந்து, பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டிகளோடு அழைத்துப்போகிறது. தேனி மாவட்டப் பாதைகளும் அதில் உண்டு. தீக்காலத்தில் மூடிவிடுவார்கள். அதை மீறிப் போகாதீர்கள்.

பன்றி விஷயத்தில், 2025 ஜனவரியில் அரசு அறிவித்த முறைப்படி, காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுட முடியாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடலாம். அதைத் தாண்டி வந்தால்தான் வனத்துறையினர் சுடலாம். அதிகம் அடிபடுவது காட்டை ஒட்டிய முதல் கிலோமீட்டரில் வெள்ளாமை வைத்திருப்பவர்கள். அவர்களுக்கு இதில் பெரிதாக ஒன்றும் இல்லை என்பது என் வருத்தம். சேதமானால் உடனே படம் எடுத்து, நில ஆவணங்களோடு வனச்சரக அலுவலகத்தில் மனுக் கொடுத்து இழப்பீடு கேளுங்கள், நாள் கடத்தாதீர்கள். கம்பத்திலிருந்து நேரடியாகக் கொக்கி போட்டு வேலிக்கு மின்சாரம் விடுவது மட்டும் வேண்டவே வேண்டாம். அதில் செத்தது பன்றி மட்டுமில்லை.

மலை இறங்கும்போது இருட்டிவிட்டது. பிள்ளைகள் தூங்கிவிட்டார்கள். வீட்டுக்கு வந்ததும் மச்சான் சாப்பிட்டுவிட்டு வழக்கம்போல் டார்ச்சை எடுத்துக்கொண்டு காவலுக்குக் கிளம்பினார். நெல் பால் பிடித்திருக்கும் நேரம்.

மறுநாள் காலை நான் ஊருக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது சேற்றுக் காலோடு வந்தார். "மாப்ள, தடம் பாத்துட்டேன். வடக்கால ஓடைக் கரையில, கள்ளிப் புதருக்குள்ள ஒரே ஒரு சந்துதான். அது வழியாத்தான் இத்தனை வருசமும் வந்திருக்கு. ரெண்டு பெருசு, குட்டி நாலஞ்சு இருக்கும். நாம நாலு பக்கமும் சேலையைக் கட்டிக்கிட்டு இருந்திருக்கோம்."

அத்தை திண்ணையில் உட்கார்ந்து கடலை உடைத்துக்கொண்டிருந்தார். "அந்தச் சந்துல முள்ளை வெட்டிப் போட்டு அடை" என்றவர், என் பக்கம் திரும்பி, "கோடையில போனா யானை நெறைய வரும்னாரே அந்தத் தம்பி, அப்ப ஒருவாட்டி போலாமாய்யா?" என்று கேட்டார்.